குளத்தில் மண்ணுக்குள் மறையும் வேலையை முதலில் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டுக் கொல்லையில் நீச்சல் குளம் கட்டுவோர் பலர் முழு வேலையையும் ஒரே நிறுவனத்திடம் விடுவதில்லை. மண் வெட்ட ஒருவர், கம்பி கட்ட ஒருவர், குழாய் போட ஒருவர் என்று ஆள் பிடித்துத் தாங்களே நின்று நடத்துகிறார்கள். அது முடியாத காரியமல்ல. ஆனால் ஓட்டின் நிறத்தையும் விளக்கையும் தேர்ந்தெடுக்க வாரக்கணக்கில் அலைகிறவர்கள், கான்கிரீட்டுக்குள் புதையப்போகும் குழாயையும் கம்பியையும் அரை மணி நேரம்கூட உட்கார்ந்து பார்ப்பதில்லை. நிறம் பிடிக்காத ஓட்டைப் பெயர்த்துவிடலாம். தளத்துக்கு அடியில் கசியும் குழாயை எட்ட வேண்டுமானால் குளத்தையே உடைக்க வேண்டும். அதனால்தான் இந்தக் கடிதம்.

கணக்கு புரிவதற்காக ஓர் அளவை எடுத்துக்கொள்கிறேன்: நீளம் 8 மீட்டர், அகலம் 4 மீட்டர், ஆழம் ஒரு முனையில் 1.1, மறுமுனையில் 1.7, சராசரி 1.4 மீட்டர். இதில் ஏறக்குறைய 45,000 லிட்டர் தண்ணீர் நிற்கும். எடை 45 டன். சுவரும் தளமும் 20 செ.மீ. கனமுள்ள கம்பி கான்கிரீட்.

பலர் நினைப்பது போலக் குளத்தின் பெரிய எதிரி உள்ளே இருக்கும் தண்ணீர் அல்ல, வெளியே மண்ணில் இருக்கும் தண்ணீர்தான். காலிக் குளம் ஈர மண்ணில் படகைப் போல நடந்துகொள்ளும். மேலே சொன்ன குளத்தின் வெளியளவு சுமார் 8.4 மீட்டருக்கு 4.4 மீட்டர், சராசரி உயரம் 1.6 மீட்டர். நிலத்தடி நீர் தரைமட்டம் வரை ஏறினால் மேல்நோக்கித் தள்ளும் விசை 59 டன். கான்கிரீட் ஓட்டின், அதாவது சுவரும் தளமும் சேர்ந்த கூட்டின் எடையோ 35 டன் அளவில்தான் வரும். கழித்துப் பாருங்கள். தரைக்கு 65 செ.மீ. கீழே நீர் நின்றாலே இரண்டும் சமமாகிவிடும், அதற்கு மேல் ஏறினால் குளம் எழும்பும். மழைக்காலத்தில் சுத்தம் செய்வதற்காக நீரை இறைத்துவிட்டு, மறுநாள் ஒரு முனை தூக்கிக்கொண்டு நிற்கும் குளங்களின் கதை இதுதான். குழாய்கள் எல்லாம் அறுந்துபோகும். கான்கிரீட்டையே இந்தப் பாடு படுத்துகிற விசை, எடை குறைந்த ஃபைபர் தொட்டியை இன்னும் எளிதாகத் தூக்கிவிடும்.

இதற்கான பரிகாரம் மண் வெட்டும் நாளிலேயே செய்யப்பட வேண்டும். வெட்டிய அடிமட்டத்தில் 15 செ.மீ. ஜல்லி விரித்து, அதற்குள் துளையிட்ட குழாய் பதித்து, அடிவடிகாலில், அதாவது தளத்தில் நீரை உறிஞ்சும் வாயில், ஒரு நீரழுத்த வால்வு வைக்க வேண்டும். வெளியே அழுத்தம் கூடினால் அது தானே திறந்து நிலத்தடி நீரைக் குளத்துக்குள் விட்டுவிடும். கூடவே சுவருக்கு வெளியே, ஜல்லிப் படுகை வரை இறங்கும் துளையிட்ட 6 இன்ச் குழாய் ஒன்றை நிமிர்த்தி நிறுத்துங்கள். செலவு மிகக் குறைவு, பயன் குளம் இருக்கும் வரை. குளத்தைக் காலி செய்யும் முன் அதற்குள் எட்டிப் பார்த்தால் நீர் எங்கே நிற்கிறது என்று தெரியும். வேண்டுமானால் அதிலிருந்தே இறைத்து மட்டத்தைக் குறைக்கலாம். வால்வு மண் அடைத்துச் செயலிழந்தாலும் இந்தக் குழாய் காப்பாற்றும்.

இடத்தைக் குறிக்கும் முன் செப்டிக் டேங்க், கழிவுநீர்க் குழாய், மின் கேபிள், மரங்களின் வேர், தலைக்கு மேலே போகும் மின்கம்பி ஆகியவை எங்கே என்று தெரிந்துகொள்ளுங்கள். வீட்டு அஸ்திவாரத்தின் அடிமட்டத்திலிருந்து 45 பாகை சரிவில் ஒரு கோடு இழுத்தால், குழி அந்தக் கோட்டுக்குள் நுழையக் கூடாது. நுழைந்தே ஆக வேண்டுமென்றால் மண்ணைத் தாங்கும் ஏற்பாட்டைக் கட்டமைப்புப் பொறியாளர் வரைந்து தர வேண்டும். பக்கத்து வீட்டு மதிலுக்கும் இதே விதிதான். மண் பரிசோதனை அறிக்கையும் பொறியாளர் கையெழுத்திட்ட கம்பி வரைபடமும் உள்ளாட்சி அனுமதியும் இல்லாமல் பொக்லைனை வரவழைக்க வேண்டாம். குளத்துச் சுவர் இரண்டு நிலைகளைத் தாங்க வேண்டும்: நிரம்பியிருக்கும்போது உள்ளிருந்து நீரின் தள்ளல், காலியாக இருக்கும்போது வெளியிலிருந்து ஈரமண்ணின் தள்ளல். செங்கல் சுவர் எழுப்பிப் பூசிவிட்டால் போதும் என்று சொல்பவர் இரண்டாவது நிலையை நினைத்துப் பார்க்கவில்லை என்று பொருள்.

குறிக்கும்போது மூலைமட்டத்தை மட்டும் நம்பாமல் மூலைவிட்டத்தை அளந்து பாருங்கள். 8-க்கு 4 என்றால் இரண்டு மூலைவிட்டமும் 8.944 மீட்டர் வர வேண்டும். ஆள் நின்று வேலை செய்ய இடம்விட்டு 9-க்கு 5 மீட்டர், சராசரி 1.8 மீட்டர் ஆழம் வெட்டினால் 81 கன மீட்டர் மண் வரும். வெட்டிய மண் கால் பங்கு உப்பும், ஆகவே லாரியில் ஏற்ற வேண்டியது 100 கன மீட்டர். அது எங்கே போகிறது என்று முன்கூட்டியே முடிவு செய்யாதவர்கள் குழியின் விளிம்பிலேயே குவித்துவிடுகிறார்கள், அந்தப் பாரத்தில் பக்கவாட்டு மண் சரிகிறது. குவியல் விளிம்பிலிருந்து குழியின் ஆழ அளவாவது தள்ளி இருக்கட்டும். தவறிப்போய் அதிக ஆழம் வெட்டிவிட்டால் அதே மண்ணைப் போட்டு மூடக் கூடாது, ஜல்லியோ மெலிந்த கான்கிரீட்டோ போட்டு மட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும். இல்லாவிட்டால் அந்த இடம் மட்டும் பின்னால் அமுங்கித் தளம் விரிசல் விடும்.

ஜல்லிக்கு மேல் 75 மி.மீ. பி.சி.சி. (கம்பியில்லாத கான்கிரீட்) போட்டபின் கம்பி வேலை. இந்த அளவுக் குளத்தில் 10 மி.மீ. கம்பி, 15 செ.மீ. இடைவெளியில் இருவழியும், இரண்டு அடுக்காக வருவது வழக்கம். இணைப்பு மேற்பொருந்தல்களையும் (ஒரு கம்பியின் முனை மற்றதன் மேல் படியும் நீளம்) சேர்த்தால் 1.3 முதல் 1.4 டன் கம்பி ஆகும். வரைபடம் என்ன சொல்கிறதோ அதுவே இறுதி. ஆனால் யாராவது 700 கிலோ போதும் என்றால், எந்த அடுக்கை விட்டுவிட்டார் என்று கேளுங்கள். மேற்பொருந்தல் கம்பியின் விட்டத்தைப் போல 50 மடங்கு, அதாவது 10 மி.மீ. கம்பிக்கு அரை மீட்டர். மண்ணும் நீரும் தொடும் பக்கங்களில் கம்பிக்கு மேல் 50 மி.மீ. கான்கிரீட் கவர் வேண்டும், கான்கிரீட் கவர் பிளாக் வைத்து. செங்கல் துண்டும் கருங்கல் சில்லும் வைப்பார்கள். செங்கல் நீரை உறிஞ்சிக் கம்பிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும், துரு ஊதிக் கான்கிரீட்டைத் தள்ளும்.

வீட்டுக்காரர் ஒரு நாள் முழுவதும் குழிக்குள் இறங்கி நிற்க வேண்டிய நாள் எது என்று கேட்டால், கான்கிரீட்டுக்கு முந்தைய நாள்தான். அன்று ஸ்கிம்மர் (மேல்மட்டத்து இலையையும் தூசியையும் இழுக்கும் வாய்), அடிவடிகால்கள், நீர் திரும்பும் வாய்கள், தளத்து அழுக்கை உறிஞ்சும் வேக்கூம் இணைப்பு, விளக்குக் கூடு, அதன் வயர் போகும் கண்ட்யூட் குழாய் எல்லாம் கம்பியோடு அசையாமல் கட்டப்பட்டிருக்க வேண்டும். பிறகு துளையிட்டு வைக்கலாம் என்ற பேச்சுக்கே இடம் தராதீர்கள், கசிவு அந்தத் துளையில்தான் தொடங்கும். சுவரைக் கடக்கும் ஒவ்வொரு குழாயிலும் நடுவே ஒரு வளையத் தட்டு இருக்க வேண்டும். வழவழப்பான பி.வி.சி.யைக் கான்கிரீட் பிடிக்காது, குழாயின் வெளிப்புறத்தை ஒட்டியே நீர் ஊர்ந்து வெளியேறிவிடும்.

அடிவடிகால் ஒன்று மட்டும் வைப்பது உயிருக்கு ஆபத்து. ஒரே துவாரத்தை ஒரு குழந்தையின் உடலோ தலைமுடியோ அடைத்துவிட்டால், பம்பின் முழு உறிஞ்சலும் அங்கே இறங்கும். பெரியவர் இழுத்தாலும் வராது. இப்படிச் சிக்கி 2002-இல் ஒரு 7 வயதுச் சிறுமி இறந்தபின், அமெரிக்காவில் 2007-இல் இதற்கென்றே தனிச் சட்டம் வந்தது. இரண்டு வடிகால்கள், அவற்றுக்கிடையே குறைந்தது 90 செ.மீ. இடைவெளி, இரண்டும் ஒரே குழாயில் சேர்வது, மேலே குவிந்த பாதுகாப்பு மூடி. இதில் பேரம் பேச இடமில்லை. மூடியில் விரிசல் கண்டால் மாற்றும் வரை யாரும் நீரில் இறங்கக் கூடாது.

குழாயின் அளவுக்கும் ஒரு கணக்கு உண்டு. 45,000 லிட்டரும் 6 மணி நேரத்தில் ஒருமுறை வடிகட்டியைக் கடந்து வர வேண்டும் என்றால் மணிக்கு 7,500 லிட்டர். உறிஞ்சும் குழாயில் நீரின் வேகம் வினாடிக்கு 1.5 மீட்டரைத் தாண்டக் கூடாது. உள்விட்டம் 50 மி.மீ. இருந்தால் 1.06 மீட்டர்தான் வரும், 40 மி.மீ. போட்டால் 1.66 ஆகிவிடும். அந்தப் பத்து மி.மீ.யை மிச்சம் பிடித்தால் சத்தமும் மின்கட்டணமும் கூடும். வடிகட்டிக்கு ஒரு சதுர மீட்டர் மணல் பரப்பில் மணிக்கு 30 கன மீட்டர் என்று வைத்தால் 60 செ.மீ. விட்டமுள்ள மணல் வடிகட்டி சரியாக இருக்கும். பம்பு முக்கால் எச்.பி. பெரும்பாலும் போதும். கடைக்காரர் இருக்கட்டும் என்று ஒன்றரை எச்.பி. தந்தால் வாங்காதீர்கள். வேகம் கூடினால் மணல் அழுக்கைப் பிடிக்காது, நுண்தூள் அப்படியே குளத்துக்குத் திரும்பிவிடும்.

பி.வி.சி. ஒட்டுவதிலும் அவசரம்தான் கெடுக்கிறது. நேராக வெட்டி, பிசிறு நீக்கி, பிரைமர் தடவி, சால்வென்ட் பூசி, உள்ளே தள்ளும்போது கால் சுற்று திருப்பி, சில வினாடிகள் அழுத்திப் பிடிக்க வேண்டும். ஒரு நாள் காய்ந்தபின் முனைகளை அடைத்து, நீர் நிரப்பி, 2 பார் அழுத்தம் ஏற்றி 24 மணி நேரம் விடுங்கள். காற்றை ஏற்றிச் சோதிக்க வேண்டாம். அழுத்தக் காற்றுள்ள பி.வி.சி. உடைந்தால் சில்லுகள் குண்டு போலத் தெறிக்கும். சோதனை முடிந்ததும் அழுத்தமானியைக் கழற்றாமல் கான்கிரீட் போடும் நேரத்திலும் அப்படியே வைத்திருங்கள். யாராவது குழாயை மிதித்து உடைத்தால் முள் இறங்கும், கான்கிரீட் இளகியிருக்கும்போதே சரிசெய்துவிடலாம். இந்த ஒரு பழக்கம் தடுக்கும் நஷ்டத்துக்கு அளவே இல்லை.

அதே நாளில் முடிய வேண்டிய மின்வேலையும் உண்டு. கம்பிக்கூடு, ஏணியின் பாதம், கைப்பிடிச் சட்டம், விளக்குக் கூடு, பம்பின் உடல் ஆகிய உலோகங்கள் எல்லாவற்றையும் ஒரே செம்புக் கம்பியால் பிணைக்க வேண்டும். இதை எர்த்திங்கோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. எர்த்திங் கசியும் மின்னை மண்ணுக்கு அனுப்பும். இந்தப் பிணைப்போ, நீரில் நிற்பவர் தொடும் இரண்டு பொருள்களுக்கு இடையே மின்னழுத்த வேறுபாடே வராமல் வைக்கும். கம்பிக்கூட்டிலிருந்து வெளியே வர வேண்டிய இணைப்பு கான்கிரீட்டுக்கு முன் வைக்கப்படாவிட்டால் பிறகு அந்தக் கூட்டைத் தொட வழியே இல்லை. விளக்கு 12 வோல்ட், மின்மாற்றி குளத்தை விட்டு விலகி, எல்லா இணைப்புக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின் கசிந்தால் உடனே துண்டிக்கும் சுவிட்ச்) வேண்டும். உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன் செய்ய வேண்டிய வேலை இது.

கான்கிரீட்டின் வலிமைத் தரம் எம்30-க்குக் குறையக் கூடாது. நீர்–சிமென்ட் விகிதம் 0.45-க்கு மேல் போகக் கூடாது. மொத்தம் 14.3 கன மீட்டர் வரும், சேதாரத்துக்கு ஒரு கன மீட்டர் கூட்டிச் சொல்லுங்கள். பாதியில் தீர்ந்துபோய் இரண்டு மணி நேரம் கழித்து அடுத்த வண்டி வந்தால், அந்தக் கோடுதான் நாளைய கசிவு. தளத்தைப் போடும்போதே சுவரின் அடியில் 15 செ.மீ. உயரத்தையும் சேர்த்துப் போட்டு, அதன் தலையில், இணைப்பில் நீரைத் தடுக்கும் பி.வி.சி. பட்டையான வாட்டர் ஸ்டாப்பரைப் பாதி புதைந்தும் பாதி வெளியே நின்றும் இருக்கும்படி வைக்க வேண்டும். அதன் முனைகளைச் சூடாக்கி ஒட்ட வேண்டும், ஒன்றின் மேல் ஒன்றை வைத்து ஆணி அடிப்பது வேலையே அல்ல. சென்ட்ரிங் பலகையை இறுக்க வெறும் குழாயைச் சுவரின் ஊடாகச் செருகி போல்ட் விடுவதையும் தடுத்துவிடுங்கள். ஒவ்வொன்றும் ஒரு தயார் துவாரம். சுவரை அரை மீட்டருக்கு மிகாத அடுக்குகளாக ஏற்றி வைப்ரேட்டர் விட வேண்டும். ஸ்கிம்மருக்கு அடியிலும் மூலைகளிலும் கான்கிரீட் போய்ச் சேர்ந்ததா என்று டார்ச் அடித்துப் பாருங்கள், தேன்கூடு போல ஓட்டைகள் விழுவது அங்கேதான். ஓட்டம் வரவில்லை என்று தொழிலாளி வண்டியில் தண்ணீர் சேர்க்கச் சொன்னால் மறுத்துவிட்டு, கான்கிரீட்டை இளக்கும் வேதிக் கலவையைக் கேளுங்கள். கான்கிரீட்டைப் பீய்ச்சி அடிக்கும் முறை என்றால், தெறித்து விழுந்ததை அள்ளி மீண்டும் படிக்கட்டுக்குள் நிரப்பக் கூடாது. அதில் சிமென்ட் குறைவு, சரளை அதிகம்.

தளத்தில் பாத்தி கட்டி நீர் தேக்குங்கள். சுவரில் சாக்கு தொங்கவிட்டு 14 நாள் காயாமல் நனையுங்கள்.

பக்கத்து மண்ணை நிரப்ப அவசரப்பட வேண்டாம். பொறியாளர் குறிக்கும் வலிமை வந்ததும் முதலில் பூச்சு இல்லாத வெறும் கான்கிரீட்டில் நீர் நிரப்பிப் பாருங்கள். முதல் மூன்று நாள் கான்கிரீட்டே நீரைக் குடிக்கும், அதைக் கசிவென்று கணக்கிடக் கூடாது. மறுபடி குறி வரை நிரப்பிவிட்டு, படியில் ஒரு வாளியை நீருடன் பாதி மூழ்க வைத்து, வாளிக்குள்ளும் வெளியிலும் மட்டத்தைக் குறியுங்கள். வெயிலும் காற்றும் இரண்டிலும் ஒரே அளவைக் குறைக்கும். குளம் மட்டும் அதிகமாகக் குறைந்தால் அது கசிவு. ஒரு வாரம் பாருங்கள். சுவரின் வெளிப்பக்கம் திறந்தே இருப்பதால் ஈரத் திட்டு கண்ணுக்கே தெரியும். மண்ணை மூடிவிட்ட பிறகு இந்த வசதி இல்லை. மண் நிரப்பும்போது 20 செ.மீ. அடுக்குகளாகப் போட்டுத் திமிசு கட்டையாலோ இயந்திரத்தாலோ கெட்டிக்க வேண்டும். குழாயைச் சுற்றி மணல்தான், கல் கலந்த மண் கூடாது. கொல்லையில் நடைதளம் இறங்கி ஓடு பிளப்பதும், குழாய் இணைப்பு முறிவதும் பெரும்பாலும் இந்த நிரப்பலின் குறைதான். நடைதளத்தைக் குளத்துச் சுவரோடு சேர்த்துப் பிணைக்காமல் 10 மி.மீ. இடைவெளி விட்டு ரப்பர் போன்ற சீலன்ட் நிரப்புங்கள். சரிவு குளத்துக்கு வெளியே, 50-க்கு 1.

பணத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நாளைக் கணக்கிட்டுத் தவணை கொடுக்காதீர்கள், சோதனையைக் கணக்கிட்டுக் கொடுங்கள். குழாய் அழுத்தச் சோதனை தேறியதும் ஒன்று, கம்பியைப் பொறியாளர் பார்த்துக் கையெழுத்திட்டதும் ஒன்று, நீர் நிறுத்திப் பார்த்ததும் ஒன்று. இது எழுத்தில் இருக்கட்டும். மூடப்படும் ஒவ்வொன்றையும் அருகில் அளவு நாடாவை விரித்து வைத்துப் புகைப்படம் எடுத்து வையுங்கள். ஐந்து வருடம் கழித்து ஒரு குழாய் எங்கே போகிறது என்று தேடும் பிளம்பருக்கு அதுவே வரைபடம்.

நீர்க்காப்புப் பூச்சு, ஓடு பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, நல்ல கைகள் கிடைக்கின்றன. மூலைகளை வளைவாக்கிப் பூச்சு இரண்டு கை, ஒன்றுக்கொன்று குறுக்காக. ஓடு ஒட்டும் முன் கான்கிரீட்டுக்கு 28 நாளாவது ஆகட்டும். நீர் உறிஞ்சல் அரை விழுக்காட்டுக்குக் கீழே உள்ள ஓடு, பாலிமர் கலந்த பசை, இடுக்குகளை நிரப்ப எபாக்ஸி கிரவுட். ஓட்டின் முதுகு முழுக்கப் பசை படிய வேண்டும், நான்கு மூலையில் நான்கு உருண்டை வைப்பது குளத்தில் எடுபடாது. விளிம்புக் கல்லின் மட்டம் சுற்றிலும் 3 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். நீரைப் போல நேர்மையான ரசமட்டம் வேறில்லை, கோணல் எந்த நேரமும் கண்ணில் படும். நீர்மட்டம் ஸ்கிம்மர் வாயின் நடுவில் நிற்க வேண்டும். ஸ்கிம்மரும் காற்று அடித்துச் செல்லும் திசையில் இருந்தால் இலையும் தூசியும் தாமாகவே அங்கே போய்ச் சேரும்.

முதல் நிரப்பலில் நீர் ஒரு நாளைக்கு முக்கால் மீட்டருக்கு மேல் உயராமல் பார்த்துக்கொள்ளுங்கள், புதுக் குளத்தின் மேல் அழுத்தம் மெல்ல ஏறட்டும். ஆழ்துளைக் கிணற்று நீரில் இரும்பு இருந்தால் குளோரின் விழுந்தவுடன் நீர் பழுப்பாகும், ஆகவே முன்பே சோதித்துவிடுங்கள். பி.எச். 7.2 முதல் 7.6 வரை, குளோரின் லிட்டருக்கு 1 முதல் 3 மில்லிகிராம், காரத்தன்மை லிட்டருக்கு 80 முதல் 120 மில்லிகிராம். இந்தக் குளத்தில் குளோரினை ஒரு மில்லிகிராம் உயர்த்த 65 விழுக்காட்டு கால்சியம் ஹைப்போகுளோரைட் 70 கிராம் போதும். அதையும் இன்னொரு வகைக் குளோரினான ட்ரைகுளோர் வில்லையையும் ஒரே வாளியில், ஒரே கரண்டியில்கூடச் சேர விடாதீர்கள், தீப்பிடிக்கும். அமிலம் இருக்கும் அறையில் குளோரின் வைக்கக் கூடாது. தண்ணீரில்தான் மருந்தைப் போட வேண்டும், மருந்தின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. வடிகட்டியின் அழுத்தமானி சுத்தமாக இருந்தபோது காட்டியதைவிட அரை பார் ஏறினால் பின்னோக்கிக் கழுவுங்கள். வால்வின் கைப்பிடியைத் திருப்பும் முன் பம்பை நிறுத்துங்கள், மறந்தால் உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் கிழிந்துபோகும்.

வேலியை எல்லாரும் கடைசி வேலையாக வைத்திருக்கிறார்கள். ஆனால் முதல் மழைக்கே அரைக் குழி நிரம்பிவிடுகிறது, பக்கம் சரிவான சேற்றுக் குழியிலிருந்து ஒரு குழந்தையால் ஏறி வர முடியாது. பொக்லைன் வந்து போன அன்று மாலையே தற்காலிக வேலி நிற்க வேண்டும். நிரந்தர வேலி 1.2 மீட்டருக்குக் குறையாமல், கம்பிகளுக்கு இடையே 10 செ.மீ.க்கு மேல் இடைவெளி இல்லாமல், ஏறுவதற்குக் குறுக்குச் சட்டம் வெளிப்பக்கம் இல்லாமல் இருக்கட்டும். கதவு வெளிப்பக்கமாகத் திறந்து தானே மூடித் தானே தாழ்ப்பாள் விழ வேண்டும், தாழ்ப்பாள் ஒன்றரை மீட்டர் உயரத்தில். முதல் லாரித் தண்ணீர் வரும் முன் அந்தக் கதவைப் பத்து முறை திறந்துவிட்டுப் பாருங்கள். பத்து முறையும் தானே பூட்டிக்கொள்ளாவிட்டால் லாரியைத் திருப்பி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
நீச்சல் குளக் கட்டுமானப் பொறியாளர் ஒருவர்